பம்ப், ரோட்டாகேப், நெபுலைசர்: யாருக்கு எது பொருந்தும்?

ஆஸ்துமா போன்ற இளைப்புக்கு மருந்தை மூச்சோடு இழுக்க மூன்று வழி: அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் பம்ப், கேப்ஸ்யூலில் உள்ள பொடியைச் சிறு கருவியில் வைத்து இழுக்கும் ரோட்டாகேப், மருந்துத் திரவத்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் இயந்திரம். மூன்றிலும் போவது பெரும்பாலும் ஒரே மருந்துதான். இளைப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் பம்பிலும் உண்டு, கேப்ஸ்யூலிலும் உண்டு, நெபுலைசரில் ஊற்றும் திரவமாகவும் உண்டு. மாறுவது அது நுரையீரலுக்குப் போய்ச் சேரும் வழி. அந்த வழிக்கு ஏற்றபடி நாம் மூச்சை இழுக்கிறோமா என்பதில்தான் பலன் இருக்கிறது. "பெரிய மெஷின்ல வச்சாத்தான் கேக்கும்" என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

கணக்கைப் பாருங்கள். பம்பை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் வரும். ரோட்டாகேப் ஒன்றில் 200. நெபுலைசருக்கான சிறு குப்பி ஒன்றில் வழக்கமாக 2.5 மில்லிகிராம், அதாவது 25 முறை பம்ப் அழுத்தினால் வரும் அளவு. இவ்வளவு ஊற்றவேண்டியிருப்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி காற்றோடு கலந்து போய்விடுவதும் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்வதும்தான். நெபுலைசர் வைத்தபின் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பலருக்கு நடக்கும். அதை மருந்தின் வீரியம் என்று எடுத்துக்கொள்வது தவறு. உடம்பில் சேர்ந்த அளவு கூடியதன் விளைவு அது.

பம்ப் கையடக்கமானது, மின்சாரம் வேண்டாம். ஆனால் தனியாகப் பயன்படுத்தினால் மூன்றிலும் அதிகம் தவறு நேர்வது இதில்தான். மருந்து மிக வேகமாகப் பீய்ச்சும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் பொருந்தாவிட்டால் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். முதலில் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விடவேண்டும். பிறகு வாயில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, 3 முதல் 5 நொடி வரை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். 10 நொடி அடக்கிவைத்துவிட்டு, அரை நிமிடமாவது கழித்துத்தான் அடுத்தது.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஸ்பேசர். பம்புக்கும் வாய்க்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். மருந்து அதற்குள் வேகம் தணிந்து நிற்பதால் பொருத்தம் தவறினாலும் வீணாவது குறைவு. குழந்தை என்றால் ஒரு அழுத்தலுக்கு ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். நான்கு வயதுக்குக் கீழே முகக்கவசம் சேர்த்துக்கொள்ளவேண்டும். இரண்டு மூன்று முறை சேர்த்து அடித்துவிட்டு ஒரே இழுப்பில் முடிப்பது பரவலான தவறு: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் படிந்துவிடும். இன்னொன்று, கழுவியபின் துணியால் துடைப்பது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, அப்படியே காயவிடுங்கள்.

ரோட்டாகேப் பம்புக்கு நேர் எதிர். உள்ளே இருப்பது உலர்ந்த பொடி, அதைக் கலைத்து இழுப்பது உங்கள் மூச்சின் விசையே. ஆகவே இங்கே மெதுவாக இழுத்தால் வேலைக்காகாது. வேகமாக, ஆழமாக, ஒரே இழுப்பு. கேப்ஸ்யூலின் கண்ணாடிபோல் தெரியும் முனையைக் கருவியின் சதுரத் துளைக்குள் முதலில் செருகி, மேல்விளிம்போடு சமமாகும்வரை அழுத்தி, அடிப்பகுதியைத் திருகினால் அது பிளக்கும். இழுத்தபின் பொடி மிச்சமிருந்தால் மறுபடி இழுக்கவேண்டும். கருவிக்குள் மூச்சை ஊதக்கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கேப்ஸ்யூல் டப்பாவைத் திறந்துபோட்டாலே அது நடக்கும். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு "கேட்கவில்லை" என்பவர்களும் உண்டு. பம்பும் ரோட்டாகேப்பும் சேர்த்து எழுதித்தரப்பட்டால் எதற்கு மெதுவாக, எதற்கு வேகமாக என்பது குழம்பும். முடிந்தவரை ஒரே வகைக் கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டாகேப்பின் பெரிய குறை, கடும் இளைப்பின்போது அது கைவிடும் என்பது. மூச்சு இழுக்கவே முடியாதவருக்கு வேகமாக இழுக்க எங்கே விசை? தினமும் ரோட்டாகேப் போடுபவர் வீட்டிலும் அவசரத்துக்கு ஒரு பம்பும் ஸ்பேசரும் இருக்கவேண்டும்.

நெபுலைசருக்கு இடம் உண்டு: ஆக்ஸிஜனோடு சேர்த்துத் தரவேண்டிய கடும் நிலையிலும், எந்தக் கருவியையும் கையாள முடியாதவருக்கும். மிதமான இளைப்புக்கு ஸ்பேசரோடு பம்ப் கொடுத்தால் அதே பலன் கிடைக்கிறது. அதிலும் நெபுலைசருக்குப் பத்து நிமிடம் ஆகும். குழந்தை அழுகிறது என்று கவசத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் மருந்து முகத்தில் படுமே தவிர மார்புக்குள் போகாது. கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் கழுவாவிட்டால் கிருமி வளரும். வெறும் உப்புநீரை வைப்பது மூச்சுக்குழாயை விரிக்காது. அல்ட்ராசானிக் வகை (ஒலியதிர்வால் இயங்கும்) இயந்திரம் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு திரவத்துக்கு ஒத்துவராது.

ஐந்து வயதுக்குக் கீழும், முதியவர்களுக்கும் ஸ்பேசரோடு பம்ப். இழுக்கும் விசை நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு பம்ப், ரோட்டாகேப் இரண்டில் எதுவும். எதுவானாலும், சால்பியூட்டமாலை மட்டும் வைத்துக் காலம் தள்ளக்கூடாது: அது குழாயை விரிக்கும், உள்ளிருக்கும் அழற்சியைத் தொடாது. உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் பெரியவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் இதைத் தனியாகத் தருவதையே பரிந்துரைப்பதில்லை. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் சேரவேண்டும். அது போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் நாக்கில் வெள்ளை படர்வதும் தொண்டை கட்டுவதும் குறையும்.

120 அழுத்தல் உள்ள பம்பை காலை இரண்டு, மாலை இரண்டு போட்டால் சரியாக 30 நாளில் தீரும். மருந்து மிச்சமிருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது பயன்படாது. மருந்து தீர்ந்தபின்னும் வாயு வந்துகொண்டிருக்கும். தொடங்கிய தேதியை டப்பாவிலேயே எழுதிவிடுங்கள்.

இளைப்பு திடீரென்று கூடினால் நிமிர்ந்து உட்காரவைத்து, சால்பியூட்டமால் பம்பை ஸ்பேசரோடு அரை நிமிடத்துக்கு ஒரு அழுத்தலாகப் பத்து வரை கொடுக்கலாம். பத்துக்குப் பிறகும் தணியாவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமானாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பம்பை நிறுத்தவேண்டாம்.