கிட்ட போ, இலையைத் திருப்பு என்று கேட்கும் செடி ஆப்

படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் ஆப் ஒன்றை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம், இதே மாதிரி ஆப்கள் நிறைய இருக்கின்றன. நான் இறக்கியது ஒரே காரணத்துக்காக. புதரை ஒதுக்கும்போது செந்தட்டி முழங்கையில் உரசி, தடித்துத் தடித்து எரிந்ததில் அன்று வேலையே ஓடவில்லை. இனி கை வைக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

பார்த்தீனியத்தை, அதிலும் பூத்திருந்தால், ஒரே படத்தில் சரியாகச் சொல்லிவிடுகிறது. கேரட் இலை மாதிரிப் பிளந்த இலை, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ, குழப்ப ஒன்றும் இல்லை. எருக்கு, திருகுக்கள்ளியும் அப்படியே. இதெல்லாம் ஆப் இல்லாமலே எனக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். சிரிப்பு வந்தது எங்கே என்றால், பார்த்தீனியத்தின் பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், எவ்வளவு வெயில் வேண்டும் என்று வளர்ப்புக் குறிப்பு போட்டிருக்கிறார்கள். அடிக்கடி பட்டால் தோல் ஒவ்வாமை வரும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

பூனைக்காலியில்தான் நன்றாகச் சறுக்கியது. காய்க்காத கொடியைக் காட்டினால் ஏதோ ஒரு அவரை வகை என்கிறது. குடும்பம் சரிதான், மூன்று மூன்றாக இலை விடுகிற கொடி அந்தக் குடும்பத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் அரிப்பு இருப்பது காயின்மேல் உள்ள பழுப்பு நிறச் சுணையில். அதில் மியூகுனெய்ன் என்று புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று இருக்கிறது, காய் முற்றிக் காய்ந்தால் காற்றுக்கே சுணை உதிரும். சரி, காயைக் காட்டலாம் என்று போனால், "இன்னும் அருகில் செல்லவும்" என்கிறது திரை! செந்தட்டிக்கும் இதே கதைதான், இலையின் அடிப்பக்கம் வேண்டுமாம். எதைத் தொடக்கூடாது என்று இந்த ஆப்பை வைத்திருக்கிறேனோ அதைத்தான் பிடித்துத் திருப்பச் சொல்கிறது. நான் ஒரு குச்சியால் திருப்பி எடுத்தேன், படத்தில் சுணை தெரியவே இல்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று நம் கண்ணால் பார்த்தால் தண்டு முழுக்கத் தெரிகிறது. (பூனைக்காலிச் சுணை ஒட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே ஏறும். ஒட்டும் டேப்பை வைத்து எடுத்துவிட்டு அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.)

தமிழ்ப் பெயரில் தேடுவது வீண் வேலை. காஞ்சொறி என்று ஆளுக்கொரு செடியைச் சொல்கிறோம், ஆப்பும் அந்தக் குழப்பத்தை அப்படியே வாங்கி வைத்திருக்கிறது. டிராஜியா இன்வொலுக்ரேட்டா என்று தாவரவியல் பெயரைப் போட்டால்தான் செந்தட்டி வருகிறது. இலையா, பூவா, காயா, பட்டையா என்று பகுதி பிரித்துப் படம் வாங்கும் வசதி பிளாண்ட்நெட் என்ற இன்னொரு செடி ஆப்பில் உண்டு, இதில் அதுவும் கிடையாது.

ஆனாலும் நான் இதை நீக்கவில்லை. நான் எதிர்பார்க்காத ஒன்று இதில் உதவியது, எடுத்த படங்களைத் தேதியோடு வரிசையாக வைத்திருக்கும் பக்கம். செந்தட்டி பட்ட உடனே எரியும், எது கடித்தது என்று தெரிந்துவிடும். சேராங்கொட்டை அப்படி இல்லை. மாமரத்தின் குடும்பம்தான், அமெரிக்காவின் பாய்சன் ஐவியும் அதே குடும்பம், இவற்றின் பால் பட்டால் பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து கொப்புளம் கிளம்பும். அதற்குள் எந்த மரத்தடியில் நின்றோம் என்பதே மறந்து போயிருக்கும். எனக்கு மணிக்கட்டில் கொப்புளம் வந்தபோது முந்தாநாள் படங்களைப் புரட்டித்தான் சேராங்கொட்டையைக் கண்டுபிடித்தேன், தோல் மருத்துவரிடமும் அந்தப் படத்தையே காட்டினேன்.

ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் படப் பக்கத்துக்கு. இறக்குவதாக இருந்தால் இலவசப் பதிப்பில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குப் பத்துப் படத்துக்கு மேல் பணம் கேட்டது.