டிபிபி தக்காளிக்குச் சரி, கொத்தமல்லிக்கு?

தர்மபுரியில் புதிதாக லேப் வைக்கும் தம்பி ஒருவர், "இன்டர்னல் ஸ்டாண்டர்ட் வாங்கியே ஆகணுமாண்ணா?" என்று கேட்டார். ஒவ்வொரு சாம்பிளிலும் தெரிந்த அளவில் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கும் பொருள்தான் அது. போனில் சொல்லி முடியாது, எழுதியே விடுகிறேன். ஓசூரில் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் பார்க்க, மருந்துகளைப் பிரித்து அளக்கும் ஜிசி-எம்எஸ்எம்எஸ் கருவியில் நான் வருஷக்கணக்காகப் போட்டு வருவது டிரைஃபீனைல் பாஸ்பேட், அதாவது டிபிபி.

ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அரைத்த தக்காளி 10 கிராம், அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் 10 மில்லி, கூடவே டிபிபி. உப்பு போட்டுக் குலுக்கிய பிறகு மேலே பிரிவது சரியாக 10 மில்லிதானா என்று மண்டையை உடைக்க வேண்டியதில்லை. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் பீக்கை (கருவி வரையும் மேட்டின் அளவை) டிபிபி பீக்கால் வகுக்கிறோம். கரைப்பான் கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் சேர்ந்தே மாறும். ராத்திரி முழுக்க ஓடிய வரிசையில், விடியற்காலைக்குள் லைனர் (சாறு ஆவியாகும் கண்ணாடிக் குழாய்) அழுக்கேறி இரண்டு பீக்கும் சுருங்கிக் கிடக்கும். விகிதம் பெரும்பாலும் அசையாது. அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

கொத்தமல்லி வந்தால்தான் எரிச்சல். பச்சை நிறம் போக கார்பன் போட்டால், கொஞ்சம் கூடினாலும் தயாபெண்டசோல் என்ற பூஞ்சைமருந்து மாதிரி தட்டை மூலக்கூறுகளையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. போதாததற்கு, இலைச்சாற்றுக் கசடு லைனரின் ஒட்டும் இடங்களை மூடிவிடுவதால் டைமெத்தோயேட் போன்ற பூச்சிமருந்துகள் வெறும் கரைப்பானில் வருவதைவிடத் தாராளமாக வந்து சேரும். டிபிபிக்கு அந்த ஏற்றம் அதே அளவில் இல்லை. அப்புறம் வகுத்து என்ன பயன்? இருப்பதைப் பெருக்கித்தான் காட்டும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பை ஒட்டி நிற்கும் சாம்பிளுக்கு அது பாஸா ஃபெயிலா என்கிற விஷயம்.

மருந்தடிக்காத கொத்தமல்லிச் சாற்றிலேயே கேலிபரேஷன் (தெரிந்த அளவு மருந்தைக் கலந்து ஓட்டும் அளவுகோல்) போட்டால் தீரும். அதற்கு எங்கே போவது? சந்தையில் எந்தக் கட்டைத் தொட்டாலும் "மருந்தே அடிக்கலை சார்" என்பார்கள். ஓட்டிப் பார்த்தால் ஏதோ ஒன்று தலைகாட்டும். டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன் ஏற்றிய குளோர்பைரிபாஸ் கிடைக்கிறது, நல்ல சரக்குதான். ஆனால் அது குளோர்பைரிபாஸுக்கு மட்டும்தான் துணை. பட்டியலில் உள்ள மற்ற மருந்துகளுக்கெல்லாம் தனித்தனியாக வாங்க யாரால் முடியும்?

டிபிபி இல்லாமல் நான் ஒரு வரிசைகூட ஓட்ட மாட்டேன். ஆனாலும் தம்பி, இப்போதைக்கு ஏதாவது ஒன்றுதான் முடியும் என்றால் அந்த டிபிபி பாட்டிலை அப்புறம் வாங்கிக்கங்க. லேப் பின்னாடி முதலில் ஒரு கொத்தமல்லிப் பாத்தி போடுங்க. பூச்சி வந்தாலும் மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க.