சிரிஞ்ச் பம்ப் கம்பெனிக்கு டைரக்டர் யாரு: வீட்டு ஆளா, பெரிய பேரா, பம்ப்ப கையில தொட்ட ஆளா?

வியாசர்பாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்ன ஷெட்டு, அதுல நான், தங்கச்சி வீட்டுக்கார மச்சான், கூட படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன், மூணு பேரும் சேர்ந்து சிரிஞ்ச் பம்ப் பண்ணிப் பார்த்துட்டு இருக்கோம். இன்னும் விக்க ஆரம்பிக்கல. இப்பதான் பிரைவேட் லிமிடெட்டா பதியலாம்னு போனோம், ஆடிட்டர் ஃபார்ம எடுத்து வச்சுட்டு "டைரக்டர் பேரெல்லாம் சொல்லுங்க சார்"ன்னு கேட்டாரு, அன்னிக்கு ஆரம்பிச்ச பேச்சு ரெண்டு மாசமா வீட்ல ஓடுது. சட்டப்படி ரெண்டு பேரு இருந்தா போதும், 15 பேரு வரைக்கும் போடலாம், ஒருத்தராவது வருஷத்துல 182 நாள் இந்தியாவுல இருக்கிறவரா இருக்கணும். ஆளத் தேடுறதுதான் கஷ்டம்.

சிரிஞ்ச் பம்ப்னா தெரியாதவங்களுக்கு: ஐசியுல, பச்சக்குழந்த வார்டுல, மருந்த மணிக்கு இத்தன மில்லின்னு சொட்டு சொட்டா ஏத்துற மெஷின். மணிக்கு 2 மில்லி போக வேண்டியது 20 போச்சுன்னா அவ்ளோதான். அதனால மெடிக்கல் டிவைஸ் ரூல்ஸ் 2017ல இது கிளாஸ் சி, அதாவது ஆபத்து அதிகமான வகை, லைசன்ஸ் டெல்லியில மத்திய அரசுகிட்ட இருந்து வரணும், 2023 அக்டோபர் 1ல இருந்து லைசன்ஸ் இல்லாம செய்யவோ விக்கவோ முடியாது.

நான் ஆளுங்கள எடை போட்டுப் பார்த்தது ஒரே ஒரு கணக்க வச்சுதான். கம்பெனி சட்டத்துல ரெண்டு போர்டு மீட்டிங்குக்கு, அதாவது டைரக்டருங்க கூடுற கூட்டத்துக்கு, நடுவுல 120 நாள் வரைக்கும் கேப் விடலாம், சின்ன கம்பெனின்னா அரை வருஷத்துக்கு ஒரு மீட்டிங் போட்டாலே போதும். ஆனா நம்ம மெஷினால யாருக்காவது எதிர்பாராத பெரிய பாதிப்பு ஆச்சுன்னு நமக்குத் தெரிய வந்தா 15 நாளுக்குள்ள லைசன்ஸ் கொடுத்தவங்களுக்கு எழுதிக் கொடுக்கணும், ஆபத்துன்னா மார்க்கெட்ல இருக்கிறத திரும்ப எடுக்கணும். 120 நாளைக்கு ஒருக்கா கூடுற கூட்டம், 15 நாள்ல எடுக்க வேண்டிய முடிவு. அப்போ ராத்திரி 11 மணிக்கு ஃபோன் போட்டா எடுத்து, "நாளைக்கு சரக்கு வெளிய போகக்கூடாது"ன்னு சொல்ற ஆளு யாருன்னுதான் பார்க்கணும், லெட்டர்ஹெட்ல பேரு எவ்ளோ அழகா இருக்குன்னு இல்ல.

முதல்ல வீட்டு ஆளுங்க. எங்கம்மா ஆசை இதுதான், "இன்னாடா இது, நம்ம வூட்டு துட்டு போட்டுட்டு வெளியாள எதுக்கு உக்கார வைக்கிற, மாப்பிள்ள இருக்காரு, உன் தம்பி இருக்கான், போதும்"னாங்க. நகை வச்சுதான் லேத் வாங்குனோம், அந்த பயம் நியாயம்தான். வீட்டு ஆளுன்னா சம்பளம் கேக்க மாட்டான், ராத்திரி ஃபோன் எடுப்பான், ஞாயித்துக்கிழமை ஷெட்ட தொறப்பான். இதுல அவ்ளோ கேவலமா ஒண்ணும் இல்ல, இன்னிக்கு உலகத்துலயே பெரிய மெடிக்கல் டிவைஸ் கம்பெனில ஒண்ணான மெட்ட்ரானிக்க 1949ல மினியாபொலிஸ்ல ஒரு கராஜுல ஆரம்பிச்சது எர்ல் பேக்கனும் அவரோட மச்சான் பால்மர் ஹெர்மன்ட்ஸ்லியும்தான். ஆனா அந்த கதைல நான் கவனிச்சது வேற. 1957 அக்டோபர் கடைசில அந்த ஊர்ல கரண்ட் போச்சு, பேஸ்மேக்கர் எல்லாம் சுவத்து கரண்ட்ல ஓடுன காலம், லில்லிஹைன்னு ஒரு சர்ஜன் பேக்கன்கிட்ட பேட்டரில ஓடுறது வேணும்னு கேட்டாரு, இவரு கொஞ்ச வாரத்துல செஞ்சு கொடுத்தாரு. மச்சான் ரெண்டு பேரு கூட்டுனாலும், பேஷன்ட் பக்கத்துல நிக்கிற ஆளோட குரல் அந்த கராஜுக்குள்ள வந்துட்டு இருந்துச்சு. கரண்ட் போறதோட அர்த்தம் வடசென்னைக்காரனுக்கு சொல்லித்தர வேணாம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவே இருட்டுல கிடந்துச்சு, தண்ணி இடுப்பு வரைக்கும், அப்போ எனக்கு ஓடுன நினைப்பெல்லாம் எந்த ஆஸ்பத்திரில எத்தன பம்ப்பு பேட்டரில ஓடிட்டு இருக்குமோன்னுதான்.

வீட்டு போர்டு எங்க உடையும்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். முன்னாடி சர்வீஸ் இன்ஜினியரா இருந்த இடத்துல டைரக்டருங்க எல்லாரும் அண்ணன் தம்பிங்க. பம்ப்பு பேட்டரி சீக்கிரம் படுக்குதுன்னு கம்ப்ளைன்ட் வந்துட்டே இருந்துச்சு, நான் மூணு தடவ ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன், எதுவும் நடக்கல. அப்புறம்தான் தெரிஞ்சுது அந்த பேட்டரி வர்றதே ஒரு தம்பியோட மாமனார் கடையில இருந்துன்னு. நல்லவேள ஒரு ராத்திரி ஒரு சிஸ்டர் கவனிச்சு கையால மருந்து போட்டு குழந்தையக் காப்பாத்துனாங்க. அங்க யாரும் கெட்டவங்க இல்ல, அண்ணனால தம்பிய கேக்க முடியல. டைரக்டருக்கு எந்தக் கடையில, எந்த கம்பெனில பங்கு இருக்குன்னு வருஷா வருஷம் முதல் போர்டு மீட்டிங்ல எழுதிக் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. எழுதிக் கொடுத்தாலும் அத சத்தமா வாசிச்சு கேள்வி கேக்க ஒரு வெளியாள் வேணுமே.

ரெண்டாவது, ஃப்ரெண்டு சொன்ன ஐடியா, பெரிய பேரு. ரிட்டயர்டு ஆபீசர் ஒருத்தர், டிவில வர்ற டாக்டர் ஒருத்தர், அவங்க இருந்தா பேங்க்குல கதவு தொறக்கும், டெண்டர்ல மரியாதை கிடைக்கும்னான். தொறக்கும்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இதுக்கு பெரிய உதாரணம் தெரானோஸ். 2003ல ஆரம்பிச்ச அமெரிக்க ரத்தப் பரிசோதனை கம்பெனி, போர்டுல ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிஞ்சர்னு ரெண்டு முன்னாள் வெளியுறவு அமைச்சருங்க, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, ராணுவத்துல இருந்து ஜெனரல் மேட்டிஸ். கம்பெனி மதிப்பு 900 கோடி டாலர்னு ஏறுச்சு, மெஷின் மட்டும் சொன்ன மாதிரி வேலை செய்யல. ஷுல்ட்ஸோட சொந்தப் பேரனே அங்க வேலை பார்த்து, லேப்ல தப்பு நடக்குதுன்னு தாத்தாகிட்ட போய் சொன்னான், தாத்தா நம்பல. 2015ல பத்திரிகைல வந்தப்பறம்தான் ஊருக்கே தெரிஞ்சுது, 2018ல கம்பெனிய மூடிட்டாங்க, அத ஆரம்பிச்ச எலிசபெத் ஹோம்ஸுக்கு 2022ல பதினோரு வருஷத்துக்கு மேல ஜெயில். இத படிக்கிறப்பல்லாம் அந்தப் பேரன்தான் கண்ணு முன்னாடி வர்றான், பெரிய மனுஷங்க நிறைஞ்ச ரூம்ல சின்னப் பையன் சொல்றது யாரு காதுல விழும்?

நமக்கு வேற சிக்கலும் இருக்கு. ஸ்டான்லி மாதிரி கவர்மென்ட் ஆஸ்பத்திரில வேலைல இருக்கிற டாக்டர் தனியார் கம்பெனி நிர்வாகத்துல போய் உக்கார நடத்தை விதி விடாது. தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்னா அவரோட ஆஸ்பத்திரியே நம்ம பம்ப்ப வாங்குறப்ப, அவரு எந்தப் பக்கம் நிக்கிறாருன்னு கேள்வி வரும். அந்த மாதிரி ஆளுங்கள ஆலோசகரா வச்சு ஃபீஸ் கொடுத்து கேட்டுக்கிறது சுத்தம்.

இன்வெஸ்டர் நாமினி பத்தி ரொம்ப பேசல. காசு போடுறவன் ஒரு சீட் கேப்பான், கேக்கட்டும், கணக்கு வழக்கு நேரா இருக்கும். ஆனா அவன் கண்ணு எத்தன பீஸ் போச்சுன்னு எண்ணும், திரும்பி வந்தத எண்ணாது. இப்போதைக்கு எங்களுக்கு அப்படி ஒருத்தர் இல்ல, வர்றப்ப பார்க்கலாம்.

நான் கேட்டது மூணாவது, வேலை தெரிஞ்ச ஆளு. ஒருத்தர் குவாலிட்டி பார்த்தவர், மெடிக்கல் டிவைஸ் தரத்துக்கான ஐஎஸ்ஓ 13485 ஆடிட்ட பல தடவ சந்திச்சவர், இப்ப மாதவரத்துல இருக்காரு. இன்னொருத்தர் ராயபுரத்துல இருக்கிற ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, முப்பது வருஷம் ஐசியுல நின்னவங்க. நர்ஸ டைரக்டரா போடுறதான்னு மச்சானே முகம் சுளிச்சாரு. பம்ப்ப வாங்கச் சொல்றது டாக்டர், ராத்திரி பூரா அத ஓட்டுறது சிஸ்டர்தானே மச்சான்னு சொன்னேன்.

இந்தப் பக்கமும் ஓட்டை இருக்கு. ஷேர் ஒண்ணும் இல்லாமலே டைரக்டர் ஆகலாம், அம்மாவுக்கு அதுல நிம்மதி, ஆனா ஷேர் எங்க கையில இருக்கிறதால சாதாரண மெஜாரிட்டி தீர்மானம் போட்டு எங்களால அவங்கள எடுத்துட முடியும். கசப்பான விஷயம் சொல்றவங்கள அனுப்புறது அவ்ளோ சுலபம். அதனால கம்ப்ளைன்ட் ரிஜிஸ்டர் ஒவ்வொரு மீட்டிங்லயும் முதல் ஐட்டமா வரணும், ரெண்டு வெளி டைரக்டர்ல யாரு ஒருத்தர் சொன்னாலும் டிஸ்பாட்ச் நிக்கணும்னு எங்க ஆர்ட்டிக்கிள்ஸ்லயே, அதாவது கம்பெனியோட உள்விதிலயே, எழுதச் சொல்லிட்டேன். அக்காவுக்கும் பயம், "ஏதாவது ஆச்சுன்னா என் மேலயும் கேஸ் வருமாப்பா"ன்னு கேட்டாங்க. பொய் சொல்ல முடியாது. மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்துல, டைரக்டர் சம்மதிச்சோ அசட்டையா இருந்தோ தப்பு நடந்தா அவரும் பொறுப்புதான். இன்சூரன்ஸ் எடுத்துத் தர்றோம், மீட்டிங்ல நீங்க சொல்ற எதிர்ப்ப மினிட்ஸ்ல அப்படியே ஏத்துறோம்னு சொன்னேன்.

யோசிச்சு சொல்றேன்னாங்க. அடுத்த வாரம் அவங்களே ஃபோன் பண்ணி, "கையெழுத்து இருக்கட்டும், முதல்ல ஒரு பம்ப்ப வீட்டுக்குக் கொண்டாப்பா"ன்னாங்க. கொண்டு போனேன். கிளவுஸ் போட்டு, கைய தண்ணில நனைச்சு, அலாரத்த அமத்துற பட்டன அழுத்துனாங்க. நாலு தடவைல ரெண்டு தடவ எடுக்கல. ஷெட்ல எங்க மூணு பேருல ஒருத்தன் கூட இத்தன மாசத்துல ஈரக்கையோட அந்தப் பட்டன தொட்டதில்ல. மச்சான் ஒண்ணும் பேசாம ஸ்க்ரூ டிரைவர எடுத்து பேனல கழட்ட ஆரம்பிச்சுட்டாரு, நான் ஆடிட்டருக்கு ஃபோன் போட்டு அக்கா பேரையும் சொன்னேன்.