மூக்குக்குள் போன மணியும் நுனி சேராத ஃபோர்செப்ஸும்

ஊரில் இருந்த மூன்று வாரத்தில் எழுத எவ்வளவோ நடந்தது. ஆனால் திரும்பி வந்து பத்து நாளாகியும் என் கண்ணுக்குள் நிற்பது ஒரு ஃபோர்செப்ஸின், அதாவது டாக்டர்கள் பயன்படுத்தும் இடுக்கியின், நுனிதான். அதை எழுதி இறக்கி வைத்தால்தான் மற்றவை நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

அண்ணன் மகனுக்கு நாலு வயது. விளையாடிக்கொண்டிருந்தவன் ஒரு கண்ணாடி மணியை வலது மூக்கில் ஏற்றிக்கொண்டான். அண்ணி அலற, பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டோக்கன், காத்திருப்பு, பேர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையின் கருவிச் சுத்திகரிப்புப் பிரிவில் எனக்குப் பதினொரு வருட அனுபவம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கருவிகளைக் கழுவி, ஒவ்வொன்றாகச் சோதித்து, அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். அதனால் உள்ளே நுழைந்ததும் என் கண் பையனைவிட முதலில் ட்ரேயைத்தான் பார்த்தது.

அதில் கிடந்த, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்கள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன. கருவிகளைப் போட்டு ஆட்டோகிளேவில் வைக்கும் உலோக டப்பாவான டிரம்மிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும், பூட்டாக வேலை செய்கிற பல்வரிசையைத் திறந்து வைத்துத்தான் ஆட்டோகிளேவில் போட வேண்டும். 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தாலும், 134 டிகிரியில் 3 நிமிடம் வைத்தாலும், நீராவி தொடாத இடத்தில் கிருமி சாகாது. பூட்டிய தாடைக்கு நடுவில் நீராவி எப்படிப் போகும்? நாங்கள் அங்கே இப்படி ஒன்றைக் கண்டால் ட்ரே முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். லைட்டைப் போட்டுப் பார்த்து, "மணி தெரியுது" என்றார். கையில் எடுத்தது சாதாரண டிசெக்டிங் ஃபோர்செப்ஸ். வீட்டில் முள் எடுக்கும் சாமணத்தின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விளக்குக்கு நேரே அவர் தூக்கியபோது பார்த்தேன், நுனி இரண்டும் சேரவில்லை. ஒன்று மேலே ஏறி நின்றது, இடையில் வெளிச்சம் தெரிந்தது.

"டாக்டர், அது உருண்டை. இதால பிடிச்சா வழுக்கி உள்ள போயிடும். ஹூக் இருந்தா..." என்றேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

நான் போகவில்லை. இரண்டு தரம் முயன்றார். ஈரமான மாங்கொட்டையை அழுத்தினால் பிதுங்கி ஓடுமே, அதேதான் நடந்தது. மணியின் அகலமான பகுதியைத் தாண்டிப் போகாமல் முன்பக்கத்திலேயே தாடை மூடினால், அழுத்துகிற விசை மணியைப் பின்னுக்குத்தான் தள்ளும். கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த மணி அரைகுறையாக மறைந்தது. ரத்தமும் கசிந்தது. இன்னும் பின்னால் போய்த் தொண்டையில் விழுந்தால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளலாம். மூன்றாவது முறை அவர் கையை நீட்டியபோது பையனைத் தூக்கிக்கொண்டேன். அண்ணனுக்கு என்மேல் கோபம். "வெளிநாட்டுல இருந்து வந்து எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடி" என்றான். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அடுத்துப் போனது, சின்ன வயதில் எனக்குக் காதுவலி வந்தால் அப்பா கூட்டிப்போகும் பழைய காது மூக்குத் தொண்டை ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் வரும்வரை, கருவிகள் அடுக்கிய அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றேன். அப்போதும் அப்படித்தான் நிற்பேன், பெயர் ஒன்றும் தெரியாமல். இப்போது எல்லாப் பெயரும் தெரிகிறது. நுனியில் பல் வைத்த கோக்கர் ஃபோர்செப்ஸ்; தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-ல் நோபல் பரிசு வாங்கிய தியோடர் கோக்கரின் பெயரில் வழங்குவது. திசுவை நறுக்கென்று கவ்விக்கொள்ளும் அல்லிஸ். அதன் பக்கத்திலேயே பாப்காக், பல்லே இல்லாமல் நுனி வளைந்து, நடுவில் இடைவெளி விட்டு. குடல், கருக்குழாய் போன்றவற்றை நசுக்காமல் ஏந்திக்கொள்ள அதுதான். அல்லிஸால் குடலைப் பிடித்தால் கிழியும். எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் வாய் அமைந்திருக்கிறது.

வயதான சிஸ்டர் ஒருவர் டிரம்மைக் கொண்டுவந்தார். பக்கவாட்டுத் துளைகளை மூடியிருந்த பட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திறந்தார். உள்ளே கருவிகள் எல்லாம் வாய் திறந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. நாங்கள் அங்கே சின்னத் தையல் பிரிக்கக்கூட ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் இரும்பு ஃபோர்செப்ஸைப் பிரித்து, வேலை முடிந்ததும் கூர்க்கழிவுப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் மனசு உறுத்தும்.

டாக்டர் ஃபோர்செப்ஸைத் தொடவே இல்லை. பையனைத் துணியில் சுற்றி அண்ணி மடியில் உட்காரவைத்து, மழுங்கிய நுனியுள்ள சிறு ஹூக்கை மணிக்கு மேலாக உள்ளே செலுத்தி, பின்னால் போனதும் திருப்பி, முன்னுக்கு இழுத்தார். மணி உருண்டு வந்து அண்ணி கையில் விழுந்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

நாங்கள் எழப்போனோம். "இருங்க, இந்தப் பக்கமும் பாத்துடலாம்" என்றார். இடது மூக்கில் ஸ்பாஞ்சுத் துண்டு! எப்போது வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. இப்போதுதான் முதலை ஃபோர்செப்ஸை எடுத்தார். அதன் தண்டு அசையாது, நுனியில் உள்ள குட்டி வாய் மட்டும் திறந்து மூடும். குறுகலான இடத்துக்கு அதுதான் ஏற்றது. சாமணம் மாதிரி இரண்டு கையும் விரிந்து பார்வையை மறைக்காது. மென்மையான, பிடி கிடைக்கிற பொருளைக் கவ்வ அதைவிட நல்லது இல்லை. ஒரே கவ்வலில் வந்தது. பழைய ஆயுர்வேத அறுவைச் சிகிச்சை நூலான சுச்ருத சம்ஹிதையில் 101 யந்திரங்கள், அதாவது கருவிகள், சொல்லப்பட்டிருக்கின்றன, அதில் 24 குறடு வகை, விலங்கு பறவைகளின் வாயைப் பார்த்துப் பெயர் வைத்தவை. எளிதாக உள்ளே போய், உறுதியாகப் பிடித்து, எளிதாக வெளியே வருவதால் நாரை மூக்குக் குறடே சிறந்தது என்கிறது அந்த நூல். டாக்டர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அதுதான் ஓடியது.

"பட்டன் பேட்டரியா இருந்தா இவ்வளவு நேரம் அலையக்கூடாது" என்று அண்ணனிடம் சொன்னார். சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும். குழந்தை உள்ள வீட்டில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது சிஸ்டரிடம் என் வேலையைச் சொன்னேன். "அப்படியா, அப்ப இதைப் பாரும்மா" என்று ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை நீட்டினார். முதல் பல்லில் பூட்டி, கைப்பிடிப் பக்கத்தை உள்ளங்கையில் தட்டினேன். சட்டென்று திறந்துகொண்டது. ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும்போது இப்படித் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் தட்டினேன், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூன்று தேறவில்லை. அவற்றைத் தனி ட்ரேயில் வைத்து, மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, "ரிப்பேர்" என்று எழுதினார் சிஸ்டர்.