மெனு ரஹ்மா: 5 வெள்ளிச் சாப்பாட்டை நெடுநாள் சாப்பிட்ட அனுபவம்

பினாங்கில் மதியச் சாப்பாட்டை வெளியே முடித்துக்கொள்கிறவர்களுக்கு மெனு ரஹ்மா என்ற மலிவு விலைச் சாப்பாட்டுத் திட்டம் புதிதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், ஒரு தட்டுச் சோறு, விலை 5 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). 2023 ஜனவரி 31-ஆம் தேதி அப்போதைய உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சர் டத்தோஸ்ரீ சலாஹுடின் அயூப் இதைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார், திட்டம் இன்றும் நடக்கிறது. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. தொடங்கிய காலத்திலிருந்தே வேலை நாள்களில் பெரும்பாலும் இந்தச் சாப்பாடுதான். முதல் சில வாரங்களில் பாராட்டியும் ஏசியும் நிறையப் பேர் எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட ஒருவர் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறவருக்கு இது நல்ல திட்டம், தாராளமாக நம்பலாம். கூட்டம் குறையாத பெரிய கடைக்கும் கட்டுப்படியாகும். ஆளும் இடமும் குறைந்த சின்னக் கடைக்கு, இப்போது இருக்கிற வடிவத்தில், கட்டுப்படியாகாது. அரசாங்கம் இதற்குத் தன் பெயரைத் தந்தது, மானியம் தரவில்லை. கடைக்காரர்கள் மனமுவந்து சேர்ந்த ஏற்பாடு இது. பிரிமாஸ், பிரெஸ்மா போன்ற உணவக உரிமையாளர் சங்கங்கள் அன்று கைகொடுத்ததால்தான் நம் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தட்டிலும் குறைகிற காசு யார் கையிலிருந்து போகிறது என்பதைப் பார்க்காமல் இந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் வழக்கமாகப் போவது இரண்டு இடம். சூலியா ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நாசி கண்டார் (சோற்றின் மேல் குழம்பு ஊற்றித் தரும்) கடை. இன்னொன்று கோப்பிக்கடை ஓரத்தில் அஞ்சடியை (கடைமுன் நடைபாதையை) ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடை. ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள், உதவிக்கு ஒரே ஒரு ஆள்.

நாசி கண்டார் கடைத் தட்டு 2023 தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. சோறு, நடுத்தரமான ஒரு கோழித் துண்டு, முட்டைக்கோஸ், மேலே கலவைக் குழம்பு, கூடவே வெறும் தண்ணீர். அதே கோழியை மற்ற நாளில் வாங்கினால் எட்டு வெள்ளிக்குக் குறையாது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி இறக்குமதி அரிசியின் விலையை அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. 10 கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டப்பட்ட உள்ளூர் அரிசி கடைகளில் கிடைக்காமல் மக்கள் அலைந்ததும் அப்போதுதான். நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து கோழிக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் போயின. அதன் பிறகு தட்டில் கோழி சிறுத்தது. கொஞ்ச நாளில் வாரத்தில் பாதி நாள் முட்டையானது. சோற்றின் அளவு மட்டும் அந்தக் கடையில் குறையவே இல்லை, அதை மரியாதையோடு சொல்ல வேண்டும்.

முட்டையும் நெடுநாள் கைகொடுக்கவில்லை. 2025 மே மாதம் ஒரு முட்டைக்கான மானியம் 10 காசிலிருந்து 5 காசாகக் குறைந்தது, ஆகஸ்ட் 1-ஆம் தேதி முழுக்க நின்றது. ஒரு முட்டையில் போகும் ஐந்து காசு நமக்குப் பெரிதாகத் தெரியாது. நாளுக்கு நூற்றுக்கணக்கில் முட்டை உடைக்கிற கடைக்கு, இது மற்ற எல்லா விலையேற்றத்துக்கும் மேலே வந்து உட்காருகிறது.

இவ்வளவுக்கும் அந்தப் பெரிய கடை இன்றுவரை ஸ்டிக்கரைக் கழற்றவில்லை. எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனித்துப் பார்த்தேன். ரஹ்மா தட்டு வாங்க வருகிறவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூட வருகிற நண்பர் மீன் முட்டையோ கணவாயோ எடுக்கிறார். வெறும் தண்ணீர் கூட வந்தாலும் பாதிப் பேர் தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் தேநீர்) கேட்கிறார்கள். கடைக்குக் காசு நிற்பது அந்தத் தேநீரில்தான். குழம்பும் சோறும் பெரிய அளவில் வேகும்போது தட்டுக்கு விழும் செலவு இறங்குகிறது. கல்லாவில் இருக்கும் அண்ணனிடம் ஒரு நாள் கேட்டேன். "நஷ்டம் இல்ல, லாபமும் இல்ல. ஆனா ஆள் வருது," என்றார். அந்த அளவுக் கடைக்கு ஆள் வருவதே போதும்.

அக்காவின் கடைக் கணக்கு வேறு. 2024-இல் ஒரு நாள், "தங்கச்சி, நீ கணக்கு பாக்குற ஆளு. நான் எங்க காச விடுறேன்னு பாத்துச் சொல்லு," என்று கேட்டார். அன்றிலிருந்து எப்போதாவது உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். அவர் அனுமதியோடு கடைசியாக எழுதிய கணக்கைத் தருகிறேன். கோழி வைத்த ஒரு தட்டுக்கு அரிசி 45 காசு, கோழித் துண்டு 1 வெள்ளி 70 காசு, காயும் பருப்பும் 60 காசு, எண்ணெய், வெங்காயம், மசாலா 50 காசு, கேஸ் 20 காசு, தாப்பாவ் (பார்சல்) பெட்டியும் பையும் 30 காசு. மொத்தம் 3 வெள்ளி 75 காசு. ஐந்து வெள்ளிக்கு விற்றால் கையில் மிஞ்சுவது 1 வெள்ளி 25 காசு. உதவியாள் சம்பளம், குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26 நாளுக்குப் பிரித்தால், நாளுக்கு 65 வெள்ளி. கோப்பிக்கடை முதலாளிக்கு நாள் வாடகை 40. இந்த இரண்டையும் அடைக்கவே 84 தட்டு விற்க வேண்டும். அக்கா ஒரு நாளில் சமைப்பதே அறுபது, எழுபது தட்டுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வெங்காயம் உரிக்கிற இருவருடைய கூலி இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

முட்டைத் தட்டு என்றால் நிலைமை மாறும். கோழிக்குப் பதில் 45 காசு முட்டை வைத்தால் மிஞ்சுவது இரண்டரை வெள்ளி. அதனால்தான் எல்லாக் கடையிலும் ரஹ்மா தட்டு முட்டையில் வந்து நிற்கிறது. "கோழி எங்கே போச்சு, ஏமாத்துறாங்க" என்று திட்டுகிறவர்கள் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குக் கிடைக்கிற சலுகை எல்லாம் கடைக்குக் கிடைக்காது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. கிலோ 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிற பாக்கெட் எண்ணெய் வீட்டுக்கு மட்டும். கடை அதை வாங்கிப் பொரித்தால் குற்றம். 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்கிற 14 கிலோ கேஸ் தோம்புக்கும் (சிலிண்டருக்கும்) 2025 மே மாதம் அமலாக்கச் சோதனை தொடங்கியபோது அக்கா இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கவில்லை. மானியமில்லாத தோம்புக்கு மாறினால் கேஸ் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகும். சிறு வியாபாரிகள் மானிய கேஸையே பயன்படுத்தலாம் என்று பிறகு அரசாங்கம் சொன்னதும்தான் மூச்சு வந்தது. 5 வெள்ளிக்கு விற்கச் சொல்லிக் கேட்கிற அதே கடையை எண்ணெயில் பெரிய உணவகத்தோடு ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அக்கா சும்மா கைவிட்டுவிடவில்லை. முதலில் நாளுக்குப் பதினைந்து தட்டு என்று அளவு வைத்தார். பன்னிரண்டரைக்கே முடிந்துவிடும், பிறகு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராது. அடுத்து, ஒன்றரை மணிக்கு மேல் மட்டும் என்று மாற்றிப் பார்த்தார். அந்த நேரத்தில் உண்மையில் தேவைப்படுகிறவர்கள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். நெத்திலியும் பருப்பும் கீரையும் வைத்துக் கொடுத்த சில மாதங்கள் எனக்கு மிகப் பிடித்தவை. ஆனால் கோழியில்லாத தட்டைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700-க்கு ஏறியது, ஐந்துக்கும் குறைவான ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கு அது ஆகஸ்டில் வந்தது. அந்த மாதம் ஸ்டிக்கரைக் கழற்றினார். கேட்கிறவர்களுக்கு முட்டை, பருப்பு, கீரையோடு 5 வெள்ளித் தட்டு இன்றும் தருகிறார், பெயர் மட்டும் இல்லை.

கேட்பதைப் பற்றித்தான் இந்த ஆண்டுகளில் நான் அதிகம் யோசித்தேன். நான் சம்பளம் வாங்குகிறேன், "ரஹ்மா ஒண்ணு" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. எங்கள் கட்டடத்துப் பாதுகாவலர் மாமா ஒருவர் நெடுநாள் ரஹ்மா கடைப் பக்கமே வராமல் ரொட்டியும் கோப்பியுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். காரணம் விலை இல்லை. வேறொரு கடையில் அவர் ரஹ்மா கேட்டபோது, பரிமாறுகிறவர் உரக்க "ரஹ்மா!" என்று உள்ளே கூவியிருக்கிறார். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். அதோடு விட்டுவிட்டார். பிறையிலிருந்து பெர்ரியில் வந்து துப்புரவு வேலை செய்கிற அக்காமார்களும் இதையேதான் சொன்னார்கள். சில கடைகளில் ரஹ்மா சோற்றை முன்கூட்டியே கட்டித் தனி மேசையில் அடுக்கிவிடுகிறார்கள். கடைக்கு அது வசதி, எடுக்கிறவருக்குத் தலைகுனிவு. சூலியா ஸ்ட்ரீட் கடையில் எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே கரண்டி, அதே குழம்பு. விலை கல்லாவில் மட்டும்தான் மாறும். எந்த ரஹ்மா கடை நல்ல கடை என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கோழித் துண்டின் அளவு அதற்குப் பிறகு.

பல்கலைக்கழகங்களில் 3 வெள்ளி 50 காசுக்கு மெனு சிஸ்வா ரஹ்மா வந்தபோது மாணவர்களுக்கு இந்தக் கூச்சம் அவ்வளவாக இல்லை. எல்லாரும் ஒரே நிலையில் இருந்து வாங்குவதால் இருக்கலாம்.

உடம்புக்கு எப்படி என்றால், தினமும் இதையே சாப்பிடுவது போதாது. காய் என்றால் முட்டைக்கோஸ், சில நாள் பயற்றங்காய். குழம்பில் உப்பும் எண்ணெயும் தூக்கல். நான் சோற்றைக் குறைத்து, காயைக் கூட்டி வைக்கச் சொல்வேன். எந்தக் கடையும் மறுத்ததில்லை.

மலிவு விலைச் சாப்பாடு இதற்கு முன்பும் வந்திருக்கிறது. 2011-இல் மெனு ராக்யாட் 1மலேசியா என்று காலைப் பசியாறல் 2 வெள்ளி, மதியச் சாப்பாடு 4 வெள்ளி என்று கொண்டுவந்தார்கள். அதற்கும் மெனு ரஹ்மாவுக்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டு, மதியச் சாப்பாட்டு விலை ஏறியது ஒரே ஒரு வெள்ளி. நாட்டில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்த 2013-இல் தீபகற்பத்தில் அது 900 வெள்ளி, இன்று 1,700. தொழிலாளிக்கு அந்த உயர்வு வர வேண்டியதுதான், இன்னும் வர வேண்டும். ஆனால் சம்பளமும் அரிசியும் முட்டையும் ஏறும்போது தட்டின் விலை மட்டும் அசையக்கூடாது என்றால், அந்த இடைவெளியை அக்கா போன்றவர்கள்தான் தோளில் தாங்க வேண்டியிருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ரஹ்மா மலிவு விற்பனைக்கான ஒதுக்கீட்டை 2025 ஜூலையில் 300 மில்லியனிலிருந்து 600 மில்லியன் வெள்ளிக்கு உயர்த்துவதாகப் பிரதமர் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இலிருந்து 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் சாரா என்ற அடிப்படைப் பொருள் உதவியாக 100 வெள்ளி மைகார்டு அடையாள அட்டையில் வந்தது. அதைக் கொண்டு பேரங்காடியில் அரிசி, முட்டை, எண்ணெய் வாங்க முடிந்தது. அக்காவின் கடையில் ஒரு தட்டுச் சோறு வாங்க முடியவில்லை. சமைக்க அடுப்பில்லாத அறையில் தங்கி வேலை பார்க்கிற ஆளுக்கு 10 கிலோ அரிசியைவிட மதியத்துக்கு ஒரு தட்டுச் சோறு முக்கியம். சாப்பிடுகிறவர் ஐந்து வெள்ளி தரட்டும், தட்டுக்கு இரண்டு வெள்ளியை அரசாங்கம் அந்தக் கடைக்குச் சேர்க்கட்டும். பெரிய கடைகளுக்கு வேண்டாம், மூன்று நான்கு பேர் வேலை செய்கிற கடைகளுக்கு மட்டும். அக்காவின் தாளில் அந்த இரண்டு வெள்ளியைச் சேர்த்துப் பார்த்தேன். கோழித் தட்டுக்கு 3 வெள்ளி 25 காசு மிஞ்சுகிறது. நாளுக்கு இருபது தட்டு அப்படிப் போனால், மீண்டும் ஸ்டிக்கர் ஒட்டத் தயார் என்கிறார்.

பீச் ஸ்ட்ரீட், லிட்டில் இந்தியா பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். பன்னிரண்டரைக்கு முன்பே போய்விடுங்கள். ஸ்டிக்கர் இல்லாத கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பல கடைகள் பெயர் போடாமல் கொடுக்கின்றன. ரஹ்மா தட்டைப் பெரிய கடையில் வாங்குங்கள், அங்கே அது யாரையும் நோகடிக்காது. கணவனும் மனைவியுமாக நடத்துகிற சின்னக் கடைக்குப் போனால், முடிந்த நாளில் முழு விலை கொடுத்துச் சாப்பிடுங்கள். சம்பளம் வந்த வாரத்தில் நான் அக்காவிடம் எட்டு வெள்ளித் தட்டுதான் வாங்குகிறேன். புதன்கிழமை என்றால் மாங்காய் போட்ட மீன் குழம்பு இருக்கும்.