வலிக்காது பாப்பா, எறும்புக்கடிதான்

டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு டொராண்டோ திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ஃப்ளைட், சோழன் எக்ஸ்பிரஸ், தம்பி வீட்டு கிரகப்பிரவேசம் எல்லாம் நல்லபடியாக நடந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. மார்கழி விடியலில் கோயில் குழாயில் திருப்பாவை, பனி ஈரத்தோடு சாணம் தெளித்த வாசல், கோலத்து நடுவில் பூசணிப்பூ, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நான் எழுத வந்தது என் ஏழு வயது மகளுக்கு ரத்தம் எடுத்த கதை. ஐந்து குத்து, நான்கு ரிப்போர்ட்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரை. போன ஆறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் 102. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். கொல்லையில் போட்டிருந்த பழைய டயர், தேங்காய்த் தொட்டி, மழைத் தண்ணீர், பகலில் கடிக்கிற கொசு எல்லாம் சேர்ந்து எனக்கு உடனே ஒன்றைத்தான் ஞாபகப்படுத்தின, டெங்கு. கும்பகோணத்தில் டாக்டரும் அதையேதான் சொன்னார். டெங்கு இருக்கிறதா என்று பார்க்கிற என்.எஸ்.1, ரத்த அணுக்களை எண்ணுகிற சி.பி.சி. இரண்டும் எடுத்துட்டு வாங்க என்றார். நான் கனடாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்த ஐபுப்ரோஃபென் பாட்டிலைத் தொடவே கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுவிடும், பாராசிட்டமால் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். நல்ல டாக்டர். இரண்டு நிமிடம்தான் பேசினார், ஆனால் தேவையானதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் இருந்தது.

அங்கிருந்து லேப்.

மெயின் ரோட்டில், மாடியில். வாசலில் ஐம்பது ஜோடி செருப்பு. டோக்கன் 43. ரத்தம் எடுக்கிற இடத்துக்கும் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அதுவும் தலை உயரத்துக்கு. உள்ளே ஒரு பையன் கத்துவது வெளியே இருக்கிற அத்தனை குழந்தைகளுக்கும் கேட்கும். பக்கத்துத் தாத்தா ஒருவர் அவர் பேரனிடம், "அழுதா பெரிய ஊசியாப் போடச் சொல்லிருவேன்" என்று அன்பாக எச்சரித்துக்கொண்டிருந்தார். நானும் அப்படி வளர்ந்தவள்தான். சோறு தின்னாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி. நான் பிறந்ததே தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில். அந்த ஸ்பிரிட் வாசனை இன்றைக்கு மூக்கில் பட்டாலும் வயிறு ஒரு சுற்றுச் சுற்றும்.

மகளின் கை என் கையில் சில்லிட்டுக் கிடந்தது. "வாட் ஆர் தே டூயிங் டு ஹிம்?" என்றாள். நான் அப்போது செய்த காரியத்தைத்தான் இந்தக் கதையில் முதலில் திட்ட வேண்டும். "ஒண்ணும் இல்லடா, டாக்டர் மாமா சும்மா உன் கையப் பாக்கணுமாம்" என்றேன். டொராண்டோவில் தடுப்பூசிக்குப் போகும்போது ஒரு துண்டுத்தாள் கொடுப்பார்கள், 'கார்ட்' என்று பெயர். அங்குள்ள பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனா டாடியோவின் குழு உருவாக்கிய முறை. குழந்தைக்கு வசதியாக உட்கார இடம் கொடு, கேள்வி கேட்க விடு, தளர விடு, கவனத்தைத் திருப்பு. நான்கு விஷயம்தான். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் மற்ற அம்மாக்களுக்கு அதை அனுப்பி வைத்த பெருமைக்குரியவள் நான். ஊர் மண்ணை மிதித்ததும் எல்லாம் போய், என் அத்தை மாதிரியே பொய் சொன்னேன்.

உள்ளே போனோம். ரத்தம் எடுக்கிற தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டே குத்திக்கொண்டிருக்கிறான், பாவம், கண்ணெல்லாம் சிவப்பு. மரத்துப் போகிற க்ரீம் ஏதாவது போடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தான். கேலி இல்லை, நிஜமாகவே ஜோக் என்று நினைத்துவிட்டான். "வலிக்காது பாப்பா, எறும்புக்கடிதான்."

ஊசியைப் பார்த்ததும் அவள், "ஐ ஆம் நாட் ரெடி" என்றாள். கனடாவில் அப்படிச் சொன்னால் நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டு உட்காருவார். இங்கே அந்தத் தம்பி, "ரெடி பண்ணிருவோம்" என்று சொல்லி வெளியே பார்த்து, "அக்கா, செத்த வாங்க, புள்ளையப் பிடிக்கணும்" என்று குரல் கொடுத்தான். பில் போடுகிற அக்கா வந்தார். கூட்டுகிற அம்மா வந்தார். மல்லாக்கப் படுக்க வைத்து ஒருவர் காலை, ஒருவர் தோளை. நான் தலையை. ஆமாம், நானும் பிடித்தேன்.

இடது கையில் குத்தினான். "நரம்பே கிடைக்க மாட்டேங்குது." நம் ஊரில் சிரையும் நரம்புதான், எல்லாம் நரம்புதான். உள்ளேயே ஊசியைத் திருப்பித் தேடினான். வெளியே எடுத்து வலது கையில் குத்தினான். துளித் துளியாக வந்தது. அவள் கத்தியதைப் பற்றி எழுதப் போவதில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "யூ லைட்", பொய் சொன்னாய், என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வரை, கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, குறுவை அறுத்து தாளடி நிற்கிற வயலையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

ரிப்போர்ட் ஆறு மணிக்கு என்றார்கள். எட்டரைக்கு ஃபோன். என்.எஸ்.1 பாசிட்டிவ். "சி.பி.சி.க்கு எடுத்த ரத்தம் ஒறஞ்சு போச்சும்மா, மறுபடி வந்துட்டுப் போங்க."

உறையத்தான் செய்யும். ஊதா மூடி போட்ட குழாய்க்குள் ஈ.டி.டி.ஏ. என்று ஒரு மருந்து இருக்கும். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும், அதை இது பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தம் தங்கு தடையில்லாமல் வந்து, குழாயை எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கினால்தான் அந்த வேலை நடக்கும். திமிறுகிற குழந்தையிடம் இரண்டு நிமிடம் சொட்டுச் சொட்டாக எடுத்தால் ஊசிக்குள்ளேயே கட்டி தட்டிவிடும். நாலு பேர் பிடித்து மிச்சம் பிடித்த நேரம் இப்படிப் போயிற்று. அன்று ராத்திரி எனக்கு வந்த கோபத்தில் இந்த ஊருக்கே இனி வருவதில்லை என்று கணவரிடம் ஃபோனில் சொன்னேன். அவர் பதிலே பேசவில்லை. வருஷா வருஷம் கேட்கிற வசனம்.

அம்மா மிளகாய், உப்பு சுற்றிப் போட்டுவிட்டு வந்து சொன்னார்: "வீட்டுக்கே வந்து எடுக்குற பொண்ணு ஒண்ணு இருக்கே. எனக்கு சுகருக்கு அதுதான் வருது." இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! டொராண்டோவில் ரத்தப் பரிசோதனைக்கு ஆன்லைனில் நேரம் எடுத்து, மைனஸ் 12 டிகிரியில் காரைச் சூடாக்கிப் போக வேண்டும். ஏழு கடல் தாண்டி இந்தக் கிராமத்தில், 100 ரூபாய் கூடக் கொடுத்தால் காலை ஆறரைக்குத் திண்ணைக்கே வருகிறார்களாம்.

அடுத்து ஒரு சந்தேகத்தில் மெடிக்கலில் அந்த க்ரீமைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். லிடோகெய்ன், பிரைலோகெய்ன் இரண்டும் கலந்தது. "இருக்கே" என்று எடுத்துக் கொடுத்தாராம் கடைக்காரர். தோல் டாக்டர்கள் எழுதுவார்களாம். லேப்புக்கு எதிர்க் கடையில் இருந்திருக்கிறது! ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தடிமனாகப் பூசி மேலே மூடி வைக்க வேண்டும். மூடுவதற்கான பிளாஸ்டிக் தாளுக்கு எங்கே போவது? பூ வாங்கி வந்த கவரைக் கழுவி வெட்டி ஒட்டினோம். விடிகாலை ஐந்தரைக்கு, தூங்குகிற பிள்ளைக்கு. தூங்கும்போது பூசியதும் ஒரு வகையில் பொய்தானே என்று உறுத்தியது. எழுப்பிச் சொன்னேன். "இன்னிக்கும் ரத்தம் எடுக்கணும். ஊசிதான்." கண்ணைத் திறக்காமலே அழுதாள்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற அந்த அக்கா ஸ்கூட்டியில் வந்தார். முன்னால் ஐஸ் பெட்டி. வந்தவுடன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று அம்மாவிடம், "பெரிம்மா, வாய்க்கா ஓரத்துப் பூவரசுல கொழுந்து எல ரெண்டு பறிச்சுக்கவா?" என்று கேட்டார். திண்ணையில் மகளுக்குக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து, இலையைச் சுருட்டி, ஒரு முனையை நகத்தால் அழுத்தித் தட்டையாக்கி ஊதினார். பீஈஈ என்றது.

எனக்குத் தொண்டையை அடைத்தது. முப்பது வருஷமாகிவிட்டது அந்தச் சத்தம் கேட்டு. ஆனால் வாயில் வந்தது என்னவோ, "இலையைக் கழுவினீங்களா?" அக்கா ஒரு பார்வை பார்த்தார். கழுவிக்கொண்டு வந்தார்.

மகள் ஊதிப் பார்த்தாள், வரவில்லை. இன்னொன்று செய்தார். பத்து நிமிடம் இதே வேலை. அன்று அவருக்கு இன்னும் எட்டு வீடு இருந்ததாம். பீப்பி சத்தம் வந்த பிறகு கேட்டார்: "பாப்பா, ரத்தம் பாத்தா மயக்கம் வருமா? கண்ணு இருட்டுமா?" இல்லை என்று நான் சொன்னேன். இது முக்கியமான கேள்வி. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களில் சிலருக்கு மட்டும் ஏறின வேகத்தில் தடாலென்று இறங்கிவிடும். என் தம்பிக்கு அப்படித்தான். அவனைப் போன்றவர்களைப் படுக்க வைத்து, கை கால் தசைகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும், வெறுமனே தளர்ந்து இரு என்றால் நேரே மயக்கம்தான்.

"அப்ப உக்காந்தே எடுத்துருவோம். மல்லாக்கப் போட்டா யாருக்குத்தான் பயம் வராது? நீங்க இடுப்புல தூக்குற மாதிரி மடியில வச்சுக்குங்க, மொகம் ஒங்க பக்கம். கைய மட்டும் எங்கிட்ட குடுக்கட்டும்."

மகள் கேட்டாள், அவளுடைய தமிழில்: "வலிக்குமா?"

"வலிக்கும்" என்றார் அக்கா. "க்ரீம் பூசிருக்கதால கம்மியா வலிக்கும். ரெண்டு பீப்பி ஊதுற நேரம்."

"பிளட் தீந்துருமா?"

குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை அம்மாவிடம் கேட்டு வாங்கிக் காட்டினார். "இதுல கால்வாசிகூட வராது." அவள் எடை 22 கிலோ. கிலோவுக்கு 75 மில்லி என்று வைத்தால்கூட ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது, எடுப்பது இரண்டு மில்லி. இந்தக் கணக்கை நானும் சொன்னேன். பாலாடைதான் எடுபட்டது.

க்ரீமைத் துடைத்துவிட்டு உடனே குத்தவில்லை. "இது போட்டா நரம்பு வெளுத்து உள்ள போயிரும், செத்த நேரம் விட்டா மேல வரும்" என்றார். கையைத் தொங்கவிடச் சொன்னார், வெந்நீர் ஒரு டம்ளர் குடிக்க வைத்தார். பிறகு பட்டாம்பூச்சி மாதிரி இறக்கை வைத்த மெல்லிய ஊசி. ஒன்று, பீஈ. இரண்டு, பீ... அந்த இரண்டாவது பாதியில் அறுந்தது, உடம்பு ஒரு தரம் துள்ளியது, மறுபடி ஊதினாள். மூச்சை வெளியே விடும்போது உடம்பு இறுகாது. டொராண்டோவில் சோப்புக் குமிழி ஊதச் சொல்வார்களே, அதே வேலை. குழாய் நிரம்பியது. அக்கா அதைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார், நான் எண்ணினேன், பத்து.

அழுதாளா என்றால், அழுதாள். எடுத்து முடித்த பிறகு, பஞ்சை அழுத்திக்கொண்டு, கொஞ்ச நேரம். எல்லாம் மாயமாகச் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மறுநாள் ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பத்து நிமிடம் கெஞ்சினோம். ஆனால் தானாக வந்தாள், யாரும் பிடிக்கவில்லை. நான்காவது தடவை க்ரீம் வேண்டாம், ஒட்டினதைப் பிரிக்கிறதுதான் ரொம்ப வலிக்கிறது என்றாள்.

பிளேட்லெட் 1,12,000, பிறகு 78,000. காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லாரும் நிம்மதியானோம். டாக்டரோ, இப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று, ரத்தம் கெட்டியாவதைக் காட்டுகிற பி.சி.வி. ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறவில்லை. பப்பாளி இலைச்சாறு, நிலவேம்பு என்று தெருவே மருந்தோடு வந்தது. டாக்டர் இளநீரும் கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுக்கச் சொன்னார், சிறுநீர் போகிறதா என்று எண்ணச் சொன்னார். கடைசி ரிப்போர்ட் 1,20,000. ஒவ்வொன்றும் மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்தது. அக்காவுக்கு டாலரில் ஏதாவது கொடுக்கலாம் என்று நீட்டினேன். "இத நான் எந்தக் கடையில மாத்துறது?" என்று சிரித்துவிட்டு, அம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை மட்டும் ஐஸ் பெட்டி மேல் கட்டிக்கொண்டு போனார்.

இங்கே வந்து பயணக் காப்பீட்டுக்கு எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பினேன். டெங்கு என்று இருப்பது முதல் லேப்பின் ரிப்போர்ட்டில் மட்டும்தான். அதில் என் மகள் 'ஆண்' என்று இருக்கிறாள். காப்பீட்டுக்காரர்கள் மரியாதையாக, இது வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்று மின்னஞ்சல் போட்டார்கள். லேப்புக்கு ஃபோன் செய்தால், "அதுக்கென்னம்மா, பேனாவுல திருத்தி சீல் குத்தித் தர்றோம்" என்கிறார்கள். பேனா எல்லாம் இங்கே செல்லாது, புதிதாக அச்சடித்துத் தாருங்கள் என்று நான்கு நாள் கெஞ்சி, அம்மா இரண்டு தடவை பஸ் ஏறிப் போய், நேற்று வாங்கிப் படம் எடுத்து அனுப்பினார். 'பெண்' என்று சரியாக இருக்கிறது. வயது 70.