அப்பாவின் ரிக்கார்டுகளும் ஆடாசிட்டியும்: ஐந்தாண்டு அனுபவம்

சேலம் அம்மாபேட்டையில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக் செட் கடை நடத்தினார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாத மாரியம்மன் பண்டிகை என்று எங்கள் குழாய் பாடாத தெரு அந்தப் பக்கத்தில் குறைவு. அவர் போன பிறகு பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டிகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் இருந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 சுழற்சித் தட்டுகள், 45 சுழற்சிச் சின்னத் தட்டுகள், எல்.பி. என்னும் பெரிய தட்டுகள் எல்லாமே கலந்து கிடந்தன. அவற்றோடு ஏற்காட்டில் சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருபது முப்பது கேசட்டுகள். 2020இல் ஊரே அடைபட்டுக் கிடந்தபோது இவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். இன்றுவரை பயன்படுத்துவது, ஒலியைப் பதிந்து திருத்த உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூலநிரல் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும்.

முதலில் சொல்ல வேண்டியது மென்பொருளைப் பற்றியதே அல்ல. தட்டுச் சுழலியின் வயரை நேராக மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலி வரும். இசைத்தட்டை வெட்டும்போதே கீழ்ச்சுரங்களைக் குறைத்து, மேல்சுரங்களை உயர்த்தித்தான் வெட்டுவார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் அந்த வளைவைத் திருப்பிச் சரிசெய்யும் வேலை ஆம்ப்ளிஃபயரின் 'ஃபோனோ' வாயிலுக்கு உரியது. அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் அந்த வாயில் இருந்தது என் நல்ல காலம். அதிலிருந்து ஒலியை எடுத்து, ஒரு சிறிய யு.எஸ்.பி. ஒலிப்பெட்டி வழியாகக் கணினிக்குக் கொடுக்கிறேன்.

இரண்டு மாதம் என்னை வாட்டியது ஓர் உறுமல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் பாதி போயிற்று. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம். மீதிப் பாதி அடுத்த வீட்டு விசைத்தறி. தறியின் அதிர்வு தரை வழியாக வந்து முள்ளில் ஏறிக்கொண்டிருந்தது. சுழலியைக் கனமான கடப்பைக் கல்லின் மேல் வைத்தேன், கல்லுக்குக் கீழே ரப்பர் துண்டுகள் வைத்தேன், தறி நிற்கும் இரவு நேரத்தில் பதிவு செய்யப் பழகினேன். ஆடாசிட்டியில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டலாம் என்பது உண்மை. ஆனால் உள்ளே வராமல் தடுத்த சத்தத்துக்கும், வந்த பிறகு துடைத்த சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பதிவு செய்யும்போது உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். தாண்டி உச்சி வெட்டுப்பட்டால் அந்த இடம் கரகரக்கும். பிறகு எந்த மருந்தும் முழுதாகக் கேட்காது. 78 தட்டுகளுக்கு என் சுழலியில் வேகம் இல்லை. அதனால் 45இல் ஓட்டிப் பதிவு செய்து, ஆடாசிட்டியின் வேக மாற்றத்தில் 45இலிருந்து 78 என்று தேர்ந்தெடுத்துவிடுகிறேன். பழைய இசைத்தட்டு வேகங்களை அந்தப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டுகளுக்கு அகன்ற முனையுள்ள தனி முள் வேண்டும், எல்.பி. முள் பள்ளத்தின் அடியில் உரசி வெறும் இரைச்சலைத்தான் எடுத்துவரும். இடது, வலது ஒலி இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒற்றைத் தடமாக்கினாலே இரைச்சல் கொஞ்சம் அடங்குகிறது. தட்டைத் துடைக்க ஆல்கஹால் மட்டும் வேண்டாம். 78 தட்டுகள் அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

கேசட்டுகளின் கதை வேறு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆண்டில் பல மாதங்கள் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அப்படியே ஓட்டினால் பூஞ்சை, நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முகமூடி போட்டுக்கொண்டு, இதற்கென்றே ஒரு பழைய டெக்கை, அதாவது கேசட் ஓட்டும் கருவியை, ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோன கேசட்டுகளுக்கு, வேறொரு வெற்றுக் கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். ஒட்டு மூடி போட்ட கேசட்டுகளை மெதுவாகப் பிளந்து, நாடாவைத் திருகு மூடி உள்ள கூட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியில் நான் மிகவும் தேடியவை ஐந்து சி-90, அதாவது தொண்ணூறு நிமிடக் கேசட்டுகள். எண்பதுகளில் ஓமலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை அப்பா தம் மைக்கிலிருந்தே பதிவு செய்திருந்தார். முகவீணை என்னும் சிறிய ஊதுகருவி, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், நடுவே ஆட்களின் பேச்சு. ஆசை மிகுந்து முதல் கேசட்டில் இரைச்சல் குறைப்பை 24 டெசிபல் வைத்துவிட்டேன். முகவீணையின் கீச்சுக் குரலை மென்பொருள் இரைச்சலாகவே எடுத்துக்கொண்டது. கலைஞர்கள் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்டது. நான்கு நாள் மனம் ஆறவில்லை. இப்போது 6 டெசிபலுக்கு மேல் போவதில்லை. பல பதிவுகளில் அந்தக் கருவியைத் தொடுவதே இல்லை. நாடாவின் உஸ் என்ற ஒலி காதுக்கு இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். சிதைந்த குரலுக்குக் காது ஒருநாளும் பழகாது.

அதைவிடப் பெரிய பலனைத் தந்தது ஒரு சின்னத் திருகு. ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் அதைத் திருப்பினால் ஹெட்டின் சாய்வு மாறும். பதிவு செய்த டெக்கின் சாய்வும் ஓட்டுகிற டெக்கின் சாய்வும் பொருந்தாவிட்டால் மேல்சுரங்கள் மங்கிப்போகும். இடது, வலது ஒலி இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டபடி, தாளத்தின் ஒலி மிகக் கூர்மையாகும் இடம்வரை முடியளவு முடியளவாகத் திருப்ப வேண்டும். மூன்றாம் கேசட்டில் இதைச் செய்தபோது, அதுவரை புரியாமல் இருந்த, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசும் வசனம் முழுவதும் தெளிவாக வந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அந்தக் குழுவில் பாடியவரின் மகனை அழைத்துக் கேட்க வைத்தேன். இரண்டாம் பாட்டின் நடுவே ஓர் இருமல் வரும். அதை வெட்டிவிடலாம் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். "வேண்டாம் அண்ணா, அது எங்கப்பா இருமல்" என்றார். விட்டுவிட்டேன்.

ஆடாசிட்டி பற்றிய என் குறை நிறைகளுக்கு வருகிறேன். 2021இல் வந்த 3.0 பதிப்புக்கு முன் ஒரு பதிவு என்பது ஒரு கோப்பும் அதற்கான தனி அடைவுமாகப் பிரிந்திருக்கும். நான் கோப்பை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டுப் பழைய கணினியை அழித்துவிட்டேன். பதினோரு தட்டுகள் போயின. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினேன். இப்போது எல்லாம் ஒரே கோப்பில் அடங்குகிறது. 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து சில விளைவுகளைப் பதிவை மாற்றாமலே போட்டுக் கேட்கலாம். முன்பு போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்ப வர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டின் எல்லையில் அடையாளச் சீட்டு வைத்து, முடிவில் எல்லாப் பாடல்களையும் ஒரே சொடுக்கில் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கும் வசதிக்கு ஈடே இல்லை. தட்டின் 'டிக் டிக்' கீறல்களை நீக்கும் கருவி மட்டும் எனக்கு நிறைவு தரவில்லை. மிருதங்கத்தின் அடியையும் சில நேரம் கீறல் என்று தின்றுவிடுகிறது. பெரிய கீறல்களை அலைவடிவத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்துகிறேன்.

மூலப்பதிவை 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வைக்கிறேன். மணிக்கு 950 எம்.பி. அளவு ஆகும். ஃபிளாக் என்ற சுருக்கிய கோப்பாக மாற்றினால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்.பி.3. துடைக்காத மூலத்தை ஒருநாளும் அழிப்பதில்லை. இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கிறது.

ஐந்தாம் கேசட்டின் இரண்டாம் பக்கம் இன்னும் பாக்கி. நாடா இரண்டு இடங்களில் மடிந்திருக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பனிக்காலம் போகட்டும் என்று காத்திருக்கிறேன். கூத்தின் கடைசிக் காட்சியும் விடிகாலை மங்களமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.